சந்திர மண்டலத்து ஜலம் யாருடையது?

சந்திரனில் ஜலம் உண்டா என்ற பழைய வாதம் முடிந்துவிட்டது. உண்டு என்பது சாஸ்திர பூர்வமாக ருசுவாகிவிட்டது. அதை ருசுப்படுத்தியதில் நமது தேசம் செய்த பணியை உலகத்து நிபுணர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வேறொரு வாதம் கிளம்பியிருக்கிறது. அந்த ஜலத்தை முதலில் தோண்டி எடுப்பவன் எவனோ அவனுக்கே அது சொந்தமா, அல்லது வெயிலையும் காற்றையும் போல் சகல ஜனங்களுக்கும் பொதுவா என்பதே அவ்வாதம். முதல் வாதத்தில் இந்தியா முன்னணியில் நின்றது. இரண்டாவது வாதத்திலோ நமது சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாய்ந்ததன் காரணம் ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. அதை விவரிக்குமுன், ஜலம் கண்ட கதையைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். கதை தெரியாதவர்க்கு உரிமையின் கனம் தெரியாது.

1969 முதல் 1972 வரை அமெரிக்கர்கள் ஆறு முறை சந்திரனில் இறங்கி, 382 கிலோகிராம் எடையுள்ள கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். சோதித்துப் பார்த்தவர்கள் சந்திரன் எலும்பைப் போல் உலர்ந்த பூமி என்று தீர்ப்பளித்தார்கள். சில மாதிரிகளில் அற்ப ஈரம் காணப்பட்டபோது, அது பூலோகத்துக் காற்றுப் புகுந்ததால் வந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால், அதற்கு முன்பே, 1961-இல், வாட்ஸன், மர்ரே, பிரௌன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், துருவங்களின் அருகே வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி அழியாமல் இருக்கலாம் என்று கணக்கிட்டு எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் கணக்காகவே கிடந்தது. 1998-இல் ‘லூனார் பிராஸ்பெக்டர்’ என்ற கலம் துருவங்களில் ஹைட்ரஜன் மிகுதியாக இருப்பதைக் குறிப்பால் உணர்த்தியது. ஹைட்ரஜன் இருந்தால் ஜலம் இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை; ஆகவே சந்தேகம் நீங்கவில்லை.

துருவத்தில் மட்டும் இவ்வதிசயம் ஏன் என்று சிலர் கேட்கலாம். பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனாலேயே நமக்குக் கோடையும் குளிரும் மாறி வருகின்றன. சந்திரனின் அச்சோ ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. எனவே அதன் துருவத்தில் நின்று பார்ப்பவனுக்குச் சூரியன் ஒருபோதும் உச்சிக்கு வராமல் அடிவானத்தை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். மேடான விளிம்புகளில் ஆண்டின் பெரும்பகுதி வெளிச்சம். பக்கத்திலேயே உள்ள ஆழ்ந்த பள்ளங்களின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரு கிரணமும் விழாத இருள். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 230 டிகிரியையும் தாண்டும். வால்நட்சத்திரமோ விண்கல்லோ கொண்டுவந்த ஜலத்தின் ஒரு துளி அப்பள்ளத்தில் சிக்கினால் மறுபடி வெளியேற வழியில்லை.

இந்நிலையில்தான் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 புறப்பட்டது. கோயமுத்தூர் ஜில்லாவில் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். அக்கலத்தில் இருந்த கருவிகள் பதினொன்று. அவற்றுள் ஐந்து நம்முடையவை, ஆறு அயல்நாட்டாருடையவை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை, பெருமையாகவே சொல்லலாம். நமது கலத்தில் இடம் கொடுத்து, ஐரோப்பியரும் அமெரிக்கரும் பல்கேரியரும் கொடுத்த கருவிகளைச் சுமந்து சென்றோம். நவம்பர் 14-ஆம் தேதி மூவர்ணக் கொடி தீட்டிய ஒரு சிறு பெட்டி கலத்தினின்று பிரிந்து, தென் துருவத்தில் ஷாக்கிள்டன் பள்ளத்தின் அருகே மோதி விழுந்தது. விழும் வழியிலேயே அதிலிருந்த இந்தியக் கருவி நீராவியின் அடையாளத்தைப் பதிவு செய்தது. அமெரிக்கக் கருவியோ, சந்திரனின் மேல் பட்டுத் திரும்பும் வெயிலைப் பகுத்துப் பார்த்து, அகச்சிவப்பு ஒளியில் ஒரு குறிப்பிட்ட பகுதி உறிஞ்சப்பட்டிருப்பதைக் கண்டது. ஜலமும் அதன் உறவான ஹைட்ராக்ஸிலும் உறிஞ்சும் பகுதி அது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் இச்செய்தி வெளியாயிற்று. இரண்டு ஆண்டு உழைக்கவேண்டிய கலம், அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஓர் ஆண்டுகூட நிறையாமல் பேச்சை நிறுத்திவிட்டது. ஆயினும் அது அனுப்பிய குறிப்புகள் சாகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே குறிப்புகளை மறுபடி துருவிய ஆராய்ச்சியாளர்கள் துருவப் பள்ளங்களின் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி தென்படுவதைக் காட்டினார்கள்.

அமெரிக்கர் செய்த மற்றொரு பரீட்சையையும் சொல்லவேண்டும். 2009 அக்டோபர் 9-ஆம் தேதி, செலவாகிப்போன ராக்கெட்டின் ஒரு பகுதியைக் கபேயஸ் என்ற இருண்ட பள்ளத்தில் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். கிளம்பிய புழுதியை நாலு நிமிஷம் பின்னால் வந்த கலம் ஆராய்ந்தபோது, அதில் சுமார் 155 கிலோகிராம் ஜலம் இருப்பதாகக் கண்டது. அந்தப் பள்ளத்து மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஜலம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழைக்கு விட்ட இடமும் சிறியதன்று. வெயில் படும் இடங்களிலும் ஜலம் உண்டென்று 2020-இல் தெரியவந்தது. ஆனால் அதைக் கேட்டு மயங்கவேண்டாம்: சகாரா பாலைவனத்து மணலில் உள்ள ஈரத்தில் நூறில் ஒரு பங்குதான் அங்கே இருக்கிறது. வட துருவத்தின் பள்ளங்களில் மட்டும் 60 கோடி டன் பனிக்கட்டி இருக்கலாம் என்று 2010-இல் ஒரு மதிப்பீடு வெளியிடப்பட்டது. அது ரேடார் எதிரொலியைக் கொண்டு செய்த அனுமானம். குழி தோண்டி அளந்தவர் ஒருவரும் இல்லை. மாம்பழத்தின் வாசனை வந்தது உண்மை, தோப்பின் பரப்பு இன்னும் தெரியாது என்பதே இன்றைய நிலைமை.

தோப்பின் வேலியை முதலில் நெருங்கியது நாமே. சந்திரயான்-2-இன் இறங்குகலம் 2019 செப்டம்பரில் தரையில் மோதி அழிந்தது. அத்தோல்வியால் சோர்ந்துபோகாமல், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்டு தயாரித்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி தெற்கு அட்சரேகை 69 டிகிரியில் மெதுவாக இறங்கியது. அதற்கு நாலு நாள் முன்னே ரஷ்யர்களின் லூனா-25 அதே பிராந்தியத்தை நாடிச் சென்று நொறுங்கியது என்பதை நினைத்தால் அக்காரியத்தின் அருமை விளங்கும். இறங்குவதையும் ஊர்தி ஓட்டுவதையும் இங்கே பழகிப் பார்க்கச் சந்திரனின் மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தது. நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டிப் பிரதேசத்தில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற பாறையைப் பொடி செய்து அம்மண்ணைத் தயாரித்தார்கள். சந்திரனில் போய்ப் பார்த்தபோது, பிரக்யான் ஊர்தி சோதித்த மண்ணும் அந்த இனத்துப் பாறையையே பெரிதும் ஒத்திருந்தது. ஆதியில் சந்திரன் முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்து, கனம் குறைந்த பாகம் மேலே மிதந்து உறைந்தது என்ற சித்தாந்தத்துக்கு 2024-இல் இதனால் புதிய ஆதாரம் கிடைத்தது.

ஜலத்தைப் பற்றி மிக முக்கியமான செய்தியைச் சொன்னது ஓர் உஷ்ணமானி. தரையில் பத்து சென்டிமீட்டர் வரை செருகிய அக்கருவி, மேற்பரப்பில் 82 டிகிரி உஷ்ணத்தையும், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே உறைநிலைக்கும் கீழான குளிரையும் காட்டியது. கலம் நின்ற இடம் சூரியனை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. ஒரு மீட்டர் தள்ளிச் சமதரையில் உஷ்ணம் 60 டிகிரி அளவுதான். இவ்வளவு சிறிய சாய்வு இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குமானால், துருவத்தை நோக்கி 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில் அதிக ஆழமில்லாமலே பனிக்கட்டி நிலைக்கக்கூடும் என்று நமது ஆராய்ச்சியாளர்கள் 2025-இல் பிரசுரித்தனர். இருண்ட பள்ளத்தில் இறங்கி உயிரை விடாமலே ஜலத்தை நெருங்கலாம் என்பது இதன் பொருள். எல்லா நாட்டாருக்கும் ஆவலைத் தூண்டும் செய்தி இது. ஆவல் வந்த இடத்தில் பேராசை வர அதிக காலம் ஆகாது.

அந்த ஜலத்தின் விலை என்ன? தாகம் தீர்ப்பது ஒன்று. பிரித்தால் சுவாசிக்கப் பிராணவாயு கிடைக்கும் என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் முக்கியம், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். பூமியின் பிடியை விட்டு விலக வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். சந்திரனை விட்டு விலக 2.4 கிலோமீட்டர் போதும். ஆகையால் சந்திரனில் எரிபொருள் நிரப்புகிறவன் கையில் மற்றக் கிரகங்களுக்குப் போகும் பாதையின் சாவி இருக்கும். சமுத்திரப் பாதைகளில் நன்னீரும் நிலக்கரியும் கிடைக்கும் துறைமுகங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கடைசியில் எதையெல்லாம் பிடித்தார்கள் என்பதை நமது நாட்டினருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, சந்திரனையோ வேறெந்தக் கிரகத்தையோ எந்த ராஜ்யமும் தன்னுடையதாக்கிக் கொள்ளலாகாது என்று தெளிவாக விதிக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் அதை ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனமும் இந்தியாவும் அவற்றுள் அடங்கும். பூமி சொந்தமல்ல, சரி, அதிலிருந்து வெட்டியெடுத்த பொருள்? அதைப் பற்றி உடன்படிக்கை வாய் திறக்கவில்லை. 1979-இல் ஏற்பட்ட சந்திர ஒப்பந்தம் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. சந்திரனும் அதன் செல்வமும் மனித குலத்தின் பொதுச் சொத்து. அதை எடுக்கும் காலம் வரும்போது சர்வதேச ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டு, ஏழை தேசங்களின் நலனையும் கவனித்துப் பங்கிடவேண்டும் என்று அது கூறியது. விண்வெளிக்குக் கலம் விடும் பெரிய தேசங்கள் அதை ஏற்கவில்லை. இந்தியா 1982-இல் கையொப்பம் இட்டது. ஆனால் ஊர்ஜிதம் செய்யவில்லை. அந்தக் கையொப்பம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடுவழியில் நிற்கிறது.

இதற்கிடையில் வேறு விதமாகக் காரியங்கள் நடந்தன. 2015-இல் அமெரிக்கா, தன் பிரஜைகள் விண்ணில் எடுத்த பொருளை வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை உண்டென்று சட்டம் செய்தது; நாங்கள் சந்திரனுக்குச் சொந்தம் கொண்டாடவில்லை என்று அதே சட்டத்தில் ஒரு வாசகமும் சேர்த்துக்கொண்டது. லக்ஸம்பர்க், ஐக்கிய அரபு எமிரேட்டுகள், ஜப்பான் ஆகியவை அதே வழியைப் பின்பற்றின. 2020-இல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸா, சந்திரனில் சிறிது மண் அள்ளித் தங்களுக்கு விற்கும்படி சில தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் பேசியது. அவற்றுள் ஒரு கம்பெனிக்குப் பேசிய விலை ஒரே ஒரு டாலர். மண் வேண்டியா இந்த ஒரு டாலர்? அங்கே எடுத்ததை விற்கலாம், வாங்கலாம் என்று ஒரு முன்மாதிரி வேண்டும், அதற்காகத்தான். நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இந்தத் தந்திரத்தின் நயத்தை ரசிப்பார்கள்.

அதே 2020-இல் ‘ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகள்’ எட்டுத் தேசங்களின் கையொப்பத்தோடு வெளிவந்தன. விண்பொருளை எடுப்பது அந்த இடத்தை உரிமையாக்கிக் கொள்வதாகாது என்று அவை கூறுகின்றன. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் ‘பாதுகாப்பு வட்டாரம்’ ஏற்படுத்தி மற்றவர்க்கு அறிவிக்கலாம் என்றும் கூறுகின்றன. ஒருவர் கலம் இறங்கும்போது கிளம்பும் கல்லும் புழுதியும் பக்கத்துக் கருவியை நாசமாக்கும். ஆகையால் இடைவெளி தேவை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், வெளிச்சமுள்ள மேடும் பனிக்கட்டியுள்ள பள்ளமும் அருகருகே அமைந்த இடங்கள் மிகச் சில. அமெரிக்கர் 2022-இல் தென் துருவத்தைச் சுற்றி 13 இடங்களைக் குறித்தனர். சீனத்தின் சாங்-ஏ 7 கலத்துக்குக் குறித்த இடம் ஷாக்கிள்டன் பள்ளத்தின் ஓரம். இவ்வளவு நெருக்கமான இடத்தில் முதலில் வந்தவன் போடும் பாதுகாப்பு வட்டாரம் பின்னால் வருகிறவனுக்கு வேலியல்லாமல் வேறென்ன? சீனரும் ரஷ்யரும் 2021-இல் தனியாக ஒரு சந்திர நிலையத் திட்டம் வகுத்துக் கட்சி சேர்த்து வருகிறார்கள். அவர்கள் மட்டும் பொதுவுடைமையைச் சந்திரனில் ஸ்தாபிக்கப் போகிறார்கள் என்று நம்புவது பேதைமை.

இந்தியா 2023 ஜூன் 21-ஆம் தேதி வாஷிங்டனில் இவ்வுடன்பாடுகளில் கையொப்பம் இட்டது. அவ்வாறு செய்த தேசங்களுள் நாம் 27-ஆவது. அதற்குச் சில வாரங்கள் முன், ஏப்ரலில், வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, சர்வதேசக் கடமைகளுக்கு உட்பட்டு, தனியார் விண்பொருளை எடுக்கவும் சொந்தமாக வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. பொதுச் சொத்து என்று 1982-இல் கையொப்பமிட்ட கையும், எடுத்தவனுக்கே சொந்தம் என்று 2023-இல் எழுதிய கையும் ஒரே சர்க்காரின் கைகளா? முந்திய கொள்கையைக் கைவிட்டிருந்தால் கைவிட்டோம் என்று சொல்லவேண்டும். கைவிடவில்லையென்றால் இரண்டையும் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று விளக்கவேண்டும்.

உரிமை இல்லாவிட்டால் பணம் போடுபவன் முன்வரமாட்டான் என்று சிலர் சொல்லுகிறார்கள். இதற்கு நாம் எங்கும் தேடாமல் நமது சமுத்திரத்திலேயே பதில் காணலாம். ஆழ்கடலின் அடித்தரையை மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை விதித்தது. இந்தியா அதை 1995-இல் ஊர்ஜிதம் செய்தது. ஜமைக்காவில் உள்ள சர்வதேசக் கடலடி ஸ்தாபனத்தின் அனுமதி பெற்று, மத்திய இந்து சமுத்திரத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோகக் கட்டிகளை ஆராயும் உரிமையை நாம் பெற்றோம். பொதுச் சொத்து என்ற விதி நம்மைத் தடுக்கவில்லை. பணக்கார தேசத்துக் கம்பெனிகள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் நமக்கு ஓர் இடத்தைக் காப்பாற்றித் தந்தது. கடலுக்கு அடியில் செல்லும் நியாயம் சந்திரனில் செல்லாதா?

ஏழை தேசத்துக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். தலைக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. அதற்கு மேல் இவ்வாட்சேபத்துக்குப் பதில் சொல்ல அவசியமில்லை.

லாபக் கணக்கில் சேராத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அண்டார்க்டிகாவின் உறைபனியைத் துளைத்து எடுத்த தூண்களில் எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்றும் உஷ்ணமும் எழுதிவைக்கப்பட்டிருப்பதைச் சாஸ்திரிகள் படித்திருக்கிறார்கள். சந்திரனின் இருட்பள்ளங்களில் உள்ள பனிக்கட்டி அதைவிட எத்தனையோ மடங்கு பழைய ஏடாக இருக்கக்கூடும். பூமிக்கு ஜலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கலாம். பூமியிலோ மழையும் ஆறும் எரிமலையும் அந்த ஏட்டை எப்போதோ அழித்துவிட்டன. சாங்-ஏ 6 என்ற சீனக் கலம் 2024-இல் சந்திரனின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு கிலோகிராமுக்குக் குறைவான மண்ணே, 280 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை கக்கியது என்ற புதிய சரித்திரத்தைக் கூறியது. அண்டார்க்டிகாவில் சுரங்க வேலை கூடாதென்று 1991-இல் தேசங்கள் கூடித் தடை செய்தன; அந்தத் தடையை ஏற்றவர்களுள் நாமும் ஒருவர். படிக்காத ஏட்டை அடுப்பில் வைக்க நாம் ஏன் உடன்படவேண்டும்?

ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளிக் கமிட்டியில், விண்பொருள் எடுப்பதற்குரிய தத்துவங்களை வகுக்க ஒரு செயற்குழு 2022 முதல் 2027 வரைக்குமான திட்டத்தோடு ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே இந்தியாவின் குரல் எந்தப் பக்கம் ஒலிக்கவேண்டும் என்பதைப் பாராளுமன்றம் விவாதித்துத் தீர்மானிக்கவேண்டும். அதிகாரிகளும் ராஜதந்திரிகளும் மட்டும் முடிவு செய்ய விடலாகாது. நமது கோரிக்கை மிகையானதன்று. சர்வதேச ஏற்பாடு ஏற்படும் வரை துருவப் பனிக்கட்டியை வியாபாரத்துக்கு எடுப்பதில்லை என்று எல்லாத் தேசங்களும் உறுதி சொல்லும்படி இந்தியா பிரேரணை கொண்டுவரவேண்டும். மிகப் பழமையான சில பள்ளங்களை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கவேண்டும். பாதுகாப்பு வட்டாரத்துக்குப் பரப்பும் கால வரையறையும் எல்லோரும் கூடி நிர்ணயிக்கவேண்டும். ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகள் சட்டத்தால் கட்டுப்படுத்துபவை அல்ல. அவற்றில் ஒப்பமிட்ட தேசமும் இவ்வாறு பிரேரிக்கத் தடையில்லை. 2023-ஆம் ஆண்டுக் கொள்கையில் தனியார் உரிமையைப் பற்றிய வாசகத்தை, விண்வெளிச் சட்டம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறும் வரை நிறுத்தி வைக்கவேண்டும்.

காலமும் அதிகம் இல்லை. சந்திரனின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மந்திரி சபை 2,104 கோடி ரூபாய் அனுமதித்தது. ஜப்பானியரின் ஊர்தியை நமது இறங்குகலத்தில் ஏற்றித் துருவத்துக்கு அனுப்பி, தரையைத் துளைத்து ஜலத்தை நேரில் அளக்கும் சந்திரயான்-5 திட்டத்துக்கு 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. எவ்வளவு ஜலம், எந்த ஆழத்தில், எத்தகைய கலப்போடு என்பதைக் கையால் தொட்டுச் சொல்லும் பாக்கியம் நமக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். அந்த அளவு வெளியாகும் தினத்தில் அதை விலை பேச ஆட்கள் வாசலில் நிற்பார்கள். இந்திய சர்க்கார் தங்கள் கொள்கையை அதற்கு முன்பே, துளைக்கருவி கலத்தில் ஏறுவதற்கு முன்பே, வெளியிடவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.